கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாமல் வழக்குப் போட்டேன்

வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் வேலையை விட்டபோது வந்த பணத்தில் 6 லட்சத்தைச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கடன் கொடுத்திருந்தோம். புரோநோட்டு என் பேரில் இருந்தது. வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு முடிய பதினோரு நாள்தான் பாக்கி. தமிழ்நாட்டில் இப்படிப் பணம் கேட்டு வழக்குப் போட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 18,000 ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?

15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் பண்ணி, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போனேன். 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு இலவச வக்கீல் தர வருமானம் பார்ப்பதில்லை. இது தெரியாமல் எத்தனை மாசம் வீட்டில் அழுதுகொண்டிருந்தேன்!

கொடுத்த வக்கீலம்மா, கட்டணத்துக்குப் 'பாப்பர் ஓ.பி.' போட்டுவிடலாம், அதாவது கட்ட வசதியில்லை, கட்டணம் இல்லாமலே வழக்கு நடத்த விடுங்கள் என்று மனுப் போடலாம் என்றார். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 33. இப்போது சட்டத்தில் 'வறியவர்' என்றுதான் இருக்கிறது, கோர்ட்டில் பழைய பேர் போகவில்லை. மனுப் போட்ட தேதியே வழக்குப் போட்ட தேதியாகக் கணக்காகும், கெடு போய்விடும் என்று பயப்படாதீங்க என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

மனுவோடு சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். காதில் கிடந்த பொட்டுத் தோட்டையும் பேங்கில் இருந்த 4,300 ரூபாயையும் எழுத எனக்கு மனசில்லை. எழுதினால் தள்ளுபடி ஆகிவிடுமோ என்ற பயம். வக்கீலம்மா விடவில்லை. "மறைச்சாத்தாம்மா தள்ளுபடி ஆகும். உண்மையை எழுதுங்க." மனுவை நானே நேரில் போய்க் கொடுத்தேன்.

எதிர்த்தரப்புக்கும் அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போனது. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் தோட்டைத்தான் கேட்டார். "லிஸ்ட்ல இருக்குங்கய்யா" என்றேன். பேங்க் பணம்? அதுவும் இருந்தது. தையல் மிஷினையும் தாலியையும் பிடித்துக்கொண்டார். தொழில் செய்கிற கருவி, கழற்றக் கூடாத தாலி, இரண்டையும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி ஜப்தி செய்ய முடியாது, அதனால் கணக்கில் வராது என்று எங்கள் வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். வரவேண்டிய அந்த 6 லட்சமும் வழக்குப் பொருள் என்பதால் என் வசதியில் சேராது.

மனுவை அனுமதித்து, வழக்குக்கு ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பர் போட்டார்கள்.

இதை இனாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்தால் கோர்ட் கட்டணத்தை அரசு வசூலித்துக்கொள்ளும், யார் கட்ட வேண்டும் என்பதைத் தீர்ப்பில் சொல்வார்கள். தோற்றால் நான்தான் கட்ட வேண்டும். மனு தள்ளுபடியானாலும் கட்டணம் கட்ட கோர்ட் அவகாசம் கொடுக்கலாம், கொடுத்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

விசாரணை இப்போது நடக்கிறது. போன வாய்தாவில் கடன் வாங்கியவர் தரப்பில் சமரசம் பேசலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சமரசம் பேசித் தீர்க்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.