தண்ணீர்மலைப் பூங்காவுக்கு இன்னொரு மரக்கன்று வேண்டாம்

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்கில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகிறவர்களில் சிலர் அப்படியே தாவரவியல் பூங்காவுக்கும் போய் நாகலிங்க மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். சிவன் கோயிலில் பார்த்துப் பழகிய பூ என்பதால் இந்தியாவிலிருந்து வந்த மரம் என்றே நினைப்போம். ஆனால் அதன் தாயகம் தென் அமெரிக்கா. அதைச் சொல்ல மரத்தில் ஒரு பெயர்ப்பலகையும், அலுவலகத்தில் ஒரு பதிவும் வேண்டும். இரண்டும் இல்லாத இடம் வெறும் நிழல் பூங்காதான்.

1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கிய பூங்கா இது. இன்று நடத்துவது மாநில அரசு. பூங்கா நண்பர்கள் சங்கம் துணை நிற்கிறது. இப்படிப்பட்ட சங்கங்களுக்கு நன்கொடை தருகிறவர்கள் பெரும்பாலும் கன்று நடத்தான் ஆசைப்படுகிறார்கள். நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். பதிவு வேலைக்குப் பணம் தர ஆள் கிடைப்பது அரிது. சங்கத்தின் பணமும் உழைப்பும் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

ஒரு செடி உள்ளே வந்ததும் அதற்கு எண் தரவேண்டும்: ஆண்டும் வரிசை எண்ணும், 2024-0137 என்பதுபோல. ஒரே விதைத் தொகுதியில் மூன்று கன்று முளைத்தால் அதே எண்ணோடு அ, ஆ, இ. எங்கிருந்து வந்தது, யார் சேகரித்தது என்பதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். பிறகு யாருக்கும் நினைவிருக்காது. செடி செத்தாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குத் தரக்கூடாது. பழைய மரங்களுக்குத் தொண்டர்கள் இருவர் இருவராகப் போவது நல்லது: ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. அடிமரச் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்கவேண்டும். பலகைவேர் (அடிமரத்தைத் தாங்கப் பலகைபோல் விரியும் வேர்) அதற்கு மேலும் ஏறியிருந்தால், அது முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறித்துவைக்கவேண்டும்.

பெயர்ப்பலகையில்தான் அதிகம் சொதப்புகிறது. லேமினேட் செய்த தாள் கூடவே கூடாது; துளை வழியாக மழைநீர் இறங்கி, பூசணம் பிடித்துவிடும். கம்பியை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பட்டைக்குள் புதைந்து மரத்தையே நெரிக்கும். தொங்கவிட்டால் குரங்குகள் பிடுங்கும். எழுத்து செதுக்கிய பலகையைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் பொருத்தி, திருகாணித் தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சுருள்வில் போடுங்கள். மரம் பருக்கப் பருக்க வில் அமுங்கி இடம் கொடுக்கும். ஆண்டுக்கொரு முறை சுற்றிவந்து, முழுக்க அமுங்கியதைத் தளர்த்திவிட்டால் போதும். பெயர்ப்பலகை காணாமல் போனாலும் மரத்தை அடையாளம் காண, எண் மட்டும் பொறித்த சின்ன அலுமினியத் தகடு ஒன்று தனியாக இருக்கட்டும். மரம் அரசுச் சொத்து; பூங்கா நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு திருகாணிகூட ஏறக்கூடாது.

சங்கமாகப் பதிந்தவர்கள் ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்க, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் தனியாக வாங்கவேண்டும். சங்கப் பதிவு மட்டும் போதாது.

பதிவேட்டின் ஒரு நகல் பூங்கா அலுவலகத்திலும் இன்னொன்று சங்கத்திடமும் இருக்கவேண்டும். செயற்குழு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அந்தக் கோப்பின் கடவுச்சொல்லையும் புதியவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.