நான்காவது நிறம்

நவம்பர் 3
நீலம் ஏற்றியாகிவிட்டது. 22 தாள்களில் தொடங்கினேன், 17 தேறியிருக்கின்றன. இனி உளி பட்டால் இந்த நீலத்துக்குத் திரும்ப வழியில்லை. அச்சில் வர வேண்டியது கோடநாட்டுக் காட்சி: ரங்கசாமி முடி என்ற சிகரமும் அதன் பாறைத் தூணும். எல்லா நிறத்துக்கும் ஒரே லினோ பலகை, செதுக்கிய இடத்தில் அடுத்த மை ஏறாது. வெளிர் சாம்பலில் ஆரம்பித்து கருமை வரை அதையே செதுக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

நவம்பர் 4
இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரக்கட்டை. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை, யார் வீட்டு விசேஷமோ என்று கிடக்கிறது. உதறிவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 5
மழை.

நவம்பர் 7
மை காயவில்லை. ஆளிவிதை எண்ணெய் மைக்குக் கோத்தகிரியின் நவம்பர் ஆகாது. தாள்களைச் சமையலறைக் கொடியில் மாட்டியிருக்கிறேன். அம்மா தாளிக்கப் போகும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறேன். ஈரம் குடித்துத் தாள் விரிந்துவிட்டது. நிறத்தின் மேல் நிறம் பொருந்த வைக்கும் ஓரக் குறியில் இரண்டு மில்லிமீட்டர் விலகல். கேட்பவர்களுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். எனக்கு, தூணுக்கு இரட்டை முதுகு.

நவம்பர் 8
கோடநாடு போனேன். ரங்கசாமி முடி இல்லை, தூண் இல்லை, கீழே மாயாறும் இல்லை. வெள்ளை. டீக்கடைக்காரர், "நேற்றுக் காலை பத்து நிமிடம் தெரிந்ததே" என்றார். ஏன் சொல்ல வேண்டும் அதை?

நவம்பர் 10
பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அக்கா, நான் செதுக்கித் தரட்டுமா?" பத்தொன்பது வயது, ஆடாத கை. பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

நவம்பர் 11
நாள் முழுக்க யோஷிதா ஹிரோஷி, ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுக் கலைஞர். மலையேறிப் பழகிய மனிதர். 1926-ல் ஜப்பானிய ஆல்ப்ஸ் தொடர். இந்தியா வந்துபோய் 1931-ல் கஞ்சன்ஜங்கா. மதுரைக் கோயிலையும் விடவில்லை. இரண்டாவது மகனுக்கு ஹோதகா என்று ஒரு மலையின் பெயரையே வைத்தார். அவருடைய அச்சுகளின் ஓரத்தில் 'ஜிஸூரி' என்ற முத்திரை இருக்கும். தானே அச்சிட்டது என்று பொருள். ஆனால் செதுக்கவும் அச்சிடவும் தேர்ந்த ஆட்களை வைத்திருந்தார். தலைக்கு மேல் நின்று வேலை வாங்கினார், வேண்டும்போது தானும் உளி பிடித்தார். அப்படியானால் அந்த 'தானே' யார்? இருபது வருடமாக அந்த முத்திரையை மரியாதையோடு பார்த்தவள், இன்று ஒரு வக்கீலைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 13
கோயம்புத்தூர். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதாம். முழங்கை வரை சுள்சுள்ளென்று மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். டிசம்பர் 2-ல் அறுவை சிகிச்சை. அதன்பிறகு ஆறு வாரம் உளியைத் தொடக் கூடாது.
"என்ன வேலை?"
"செதுக்குகிறேன்."
"சிலையா?"
"மலை."
டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை.

நவம்பர் 15
இடது கையால் முயன்றேன். வேண்டாம், எழுதவே வேண்டாம்.

நவம்பர் 17
அவள் வந்தாள். பலகையைப் பார்த்து, "தூண் ஏன் இந்தப் பக்கம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பலகைக்கு எதிரே பிடித்தாள். "ஓ" என்றாள். எனக்கு இது விளங்கக் கல்லூரியில் ஒரு வாரம் ஆனது. மிச்ச லினோவில் ஒரு துண்டு கொடுத்து அனுப்பினேன். மெல்லிய கோடு கீறும் 'வி' உளியைக் கொடுக்கவில்லை.

நவம்பர் 19
முதல் பஸ்ஸில் கோடநாடு. தெரிந்தது. முழுதாக, நாற்பது நிமிடம். முடிக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நல்ல கருநிழல். அந்த இடத்தைத்தான் நீலம் ஏற்றும் முன்பே செதுக்கி எறிந்திருக்கிறேன். 17 தாள்களிலும் அங்கே வெளிர் சாம்பல், பட்டப்பகல்போல.
இருட்ட வேண்டிய இடத்தில் பகல். மூன்று விரல்களும் நன்றாக இருந்த மாதத்தில், நானே, என் கையாலேயே செய்தது.

நவம்பர் 20
தாள்கள் காய்ந்துவிட்டன. உளிகளைத் தீட்டினேன், 'வி' உளியையும். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 21
மழை. ஒன்பதே காலுக்கே வந்து நிற்கிறாள்.