காலிக் கல்வெட்டு காலியில் இல்லை

தொல்லியல் விசேட பட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான்காம் வருட ஆய்வேட்டில் எழுதுவதைவிடக் கடிதம் வாங்குவதுதான் பெரிய வேலை. என் தலைப்பு, தெற்கே காலி நகரில் கிடைத்த காலி மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி. சேர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாட்டிக்கொண்டது பீடக் கந்தோரில்.

கல்லைப் பார்க்க மட்டும் என்றால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் டிக்கெட் எடுத்தால் போதும். கிட்ட நின்று அளவெடுத்து, வெளிச்சம் பிடித்துப் படமெடுக்க எனக்குப் பல்கலைக்கழகக் கடிதம் தேவைப்பட்டது. லிகிதர் மூன்று கிழமை இழுத்தடித்து, ஒட்டிய உறையில் ஒன்றைத் தந்தார். இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து, குளித்து, அயன் பண்ணிய உடுப்போடு போய் நீட்டினால், உள்ளே இருந்தது காலி நகர விலாசம்!

திரும்பிப் போய்க் கேட்டேன். "காலிக் கல்வெட்டு என்றால் காலியில்தானே பிள்ளை இருக்கும்?" என்றார், ஏதோ பிழை என்னில் மாதிரி. 1911இல் அங்கே ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்ததைக் கண்டெடுத்து, பிறகு கொழும்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சாப்பிடப் போய்விட்டார். 1409இல் சீனாவில் பொறித்து சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்த கல்லே இவ்வளவு அலைந்திருக்காது.

இனிப் போகிறவர்கள் உறையை ஒட்ட விடாதீர்கள். விலாசத்தை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள், முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள் (என் இரண்டாவது கடிதத்தில் ஓரெழுத்து குறைந்து, அதற்கும் ஒரு நாள் போனது).

உள்ளே போன பிறகு ஒரு மணித்தியால வேலைதான். டோர்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். அப்படிப் பிடித்தபோது, பழைய படங்களில் எனக்குப் பிடிபடாத இடத்தில் 'நாயினார்' என்று பளிச்சென்று வந்தது பாருங்கள், இழுத்தடித்ததெல்லாம் மறந்துபோனது! சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெவிநுவரக் கோயில் தெய்வமான தெனவரை நாயினாருக்கு. ஒரே கல்லில் மூன்று பேருக்கும் காணிக்கை.

அந்தச் சந்தோசத்தில், படத்தில் அளவு தெரிவதற்குக் கல்லோடு அளவுகோல் வைக்க மறந்துவிட்டேன். முதல் பதினெட்டுப் படங்களையும் ஆய்வேட்டில் போட முடியாது என்று சேர் சொல்லிவிட்டார்.