வட்டமா, சதுரமா? எங்கள் ரொபோவுக்குச் சேசி வெட்டிய கதை

சின்ன ரொபோ ஒன்று சுவர்களுக்கு நடுவே தானாக வழி கண்டுபிடித்து ஓட வேண்டிய மைக்ரோமவுஸ் போட்டிக்குப் பாடசாலை அணியாக இறங்கியபோது, சேசிக்கு, அதாவது எல்லாவற்றையும் பூட்டும் அடித்தட்டுக்கு, நாங்கள் முதலில் வெட்டியது 13 செ.மீ. சதுரம். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அக்ரிலிக் தகட்டில் சதுரம் வெட்டுவது சுலபம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய என்20 என்ற சின்ன மோட்டர் இரண்டையும் பின்பக்கமாகப் பூட்டினோம், கார் மாதிரி இருக்கட்டுமே என்று. வெள்ளவத்தையில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் பலகை அடித்துச் செய்த மேஸில் (சுவர் வைத்த புதிர்ப்பாதையில்) விட்டால், நேராக அழகாக ஓடியது. முதல் திருப்பத்தில் முன்மூலை சுவரில் முட்டி நின்றுவிட்டது. சில்லுகள் மட்டும் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

கணக்கை அப்புறம்தான் போட்டோம். மேஸின் ஒரு கட்டம் 18 செ.மீ. சுவர்த் தடிப்பு 1.2 போனால் மிஞ்சுவது 16.8. நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமென்றால், இரண்டு சில்லுக்கும் நடுப்புள்ளியிலிருந்து எந்த மூலையும் 8.4 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. எங்களுடைய அச்சு, அதாவது இரண்டு சில்லையும் இணைக்கும் கோடு, பின்விளிம்பிலிருந்து 3 செ.மீ.யில் இருந்தது. முன்மூலை கிட்டத்தட்ட 12! அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் 9.2, அதுவும் முட்டும். அதே 13 செ.மீ. விட்டத்தில் வட்டம் என்றால் 6.5தான்.

சரி, வட்டம் வெட்டினால் முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. வட்டத்திலும் அச்சை 3 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் 9.5 ஆகிவிடும். வடிவத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை பிடிப்பவர்கள் அச்சு எங்கே என்று கேட்பதே இல்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அக்ரிலிக்கை வெட்டக் கொடுக்கும் முன் காட்போட் மட்டையில் ஒன்று வெட்டுங்கள். அச்சின் நடுவில் குண்டூசி குத்தி, 16.8 செ.மீ. இடைவெளியில் கீறிய இரண்டு கோடுகளுக்கு நடுவே சுற்றிப் பாருங்கள். பற்றரி, சென்சர், வயர் எல்லாவற்றையும் மேலே வைத்துத்தான். எங்கள் வட்டச் சேசியின் முன்னால், சுவரைக் கண்டறியும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சர் 2 செ.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. 8.5! மட்டையிலேயே பிடிபட்டதால் இன்னொரு தகட்டுக் காசு மிச்சம்.

தட்டைத் தாங்க வைக்கும் பந்துச் சில்லை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இறுக்கமாகப் பூட்டாதீர்கள். மேஸ் பலகைகளின் மூட்டில் ஏறும்போது மோட்டர் பூட்டிய சில்லு தரையை விட்டுக் கிளம்பி வழுக்கும். நாங்கள் பின்னதை மட்டும் 1 மி.மீ. அளவுக்கு உயர்த்திவிட்டோம்.

தரையில் கீறிய கோட்டைப் பின்தொடரும் லைன் ஃபொலோவர் ரொபோ செய்பவர்கள் வட்டத்தின் முன்பக்கத்தை மட்டும் நேராகச் சீவிக்கொள்ளலாம், சென்சர் வரிசை நேராக உட்காரும். இரண்டு ரொபோ ஒன்றையொன்று வளையத்துக்கு வெளியே தள்ளும் மினி சுமோ முற்றிலும் வேறு விளையாட்டு. 10 செ.மீ. சதுரம், 500 கிராம் என்று வரம்பு கட்டியிருக்கும்போது வட்டம் வெட்டினால், கிடைத்த இடத்தில் நாலு மூலையையும் சும்மா விட்டுக்கொடுக்கிறீர்கள்.