போர்ட்டோவில் ஒரு பீப்பாய்

ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் அந்த உணவகத்தின் மேல் கோபம் தீரவில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில், டூரோ ஆற்றங்கரையை ஒட்டிய கடை. 20 வருட டானி போர்ட் (மரப்பீப்பாயில் முதிர வைத்த இனிப்பு ஒயின்) கேட்டேன். வெயில் படும் தட்டில் நின்ற பாட்டிலை எடுத்து, பாலாடை அளவுக் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றி வைத்துவிட்டுப் போனார்கள். வெதுவெதுவென்று இருந்தது. மோந்து பார்க்க இடமே இல்லை, குடித்தால் சாராய நெடி மட்டும்தான். பில் 16 யூரோ! ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 யூரோவில் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த எங்களுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மனைவிதான் "இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றாள். 1886இல் திறந்த லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில், மெட்ரோ ரயிலுக்குப் பக்கத்திலேயே நடந்து (காசு கிடையாது) அக்கரையில் உள்ள விலா நோவா டி காயாவுக்குப் போனோம். திராட்சை விளைவது ஆற்றின் மேல்பக்கத்து மலைச்சரிவுகளில். அந்த ஒயினை அந்தக் காலத்தில் படகில் இறக்கி இங்கேதான் முதிர வைத்தார்கள். கிடங்குக்குள் நுழைந்ததும் சில்லென்று ஈர மரமும் உலர்திராட்சையும் கலந்த வாசனை. வழிகாட்டிப் பெண் மரப்பீப்பாய்களைக் காட்டி "பீப்பா" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது, நம் பீப்பாய் இவர்களிடமிருந்து வந்த சொல்தானே! ஒன்று சுமார் 550 லிட்டர் பிடிக்குமாம்.

சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் அந்த இனிப்பு தங்குகிறது. அப்புறம் வருடக்கணக்காக மரத்துக்குள் கிடந்து சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிறது. 20 வருடம் என்றால் ஒரே வருடத்துச் சரக்கு இல்லை, பல வயது ஒயின்களைக் கலந்து அந்த ருசிக்குக் கொண்டுவருவது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே அதே 20 வருட டானியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றினார்கள். கோப்பையைச் சுழற்றினால் வறுத்த பாதாம், ஆரஞ்சுத் தோல், அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. கூடவே உப்புப் பாதாம். 11 யூரோ, ஒரு பைசா கூட வீணில்லை.

வாங்குகிறவர்களுக்கு: டானியை வடிகட்ட வேண்டாம், லேசாகக் குளிர வைத்தால் போதும். திறந்த பாட்டில் குளிர்ப்பெட்டியில் சில வாரம் தாங்கும். விண்டேஜ் போர்ட் வேறு சாதி. பாட்டிலிலேயே முதிர்ந்து அடியில் வண்டல் கட்டும், தெளிய வைத்து மெதுவாக இறுத்துத்தான் ஊற்ற வேண்டும், இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். எங்கள் மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு டானிதான் சரி.

20 வருடத்துக்குக் கை எட்டவில்லை. 10 வருடப் பாட்டில் ஒன்றை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தோம். இப்போது இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் திறக்க வேண்டும்.