தனியாக ஒரு கலாநிதிப் பட்டம்

எந்த விரிவுரையாளர் கலாநிதிப் படிப்பின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பது நூலகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். முன்மொழிவு எழுதுகிறவர் அடுக்கு அடுக்காகப் புத்தகம் எடுப்பார். தரவு சேகரிக்கிறவரை மாதக்கணக்கில் காணக் கிடைக்காது. எழுதத் தொடங்கியவர் உசாத்துணைப் பட்டியல் குழம்பிப்போச்சு என்று மடிக்கணினியோடு வந்து நிற்பார். எழுத முடியாமல் நிற்கிறவரும் வருவார். எதையும் கேட்க மாட்டார். பத்திரிகை மேசையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். நான் அதிகம் யோசிப்பது இவரைப் பற்றித்தான்.

எங்கள் வளாகம் திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் இருக்கிறது. இளம் விரிவுரையாளர்களில் பெரும்பாலானோர் வேலையில் இருந்துகொண்டே ஆய்வு செய்கிறார்கள். பதிவு மட்டும் பேராதனையிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ, சிலருக்கு மலேசியாவிலோ இருக்கும். விரிவுரை, விடைத்தாள், பரீட்சை வேலை, வீட்டில் பிள்ளைகள் என்று எல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தில்தான் ஆய்வு. மேற்பார்வையாளரைப் பார்க்கக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று கண்டி பஸ்ஸில் போக வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்கு இரவு ரயில் பிடிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு, சேருக்கு இன்றைக்கு அவசரக் கூட்டம் என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கொட்டியார் குடாவை அண்டிய ஊர்களில் பெண்களின் சிறுதொழில்கள் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். மூதூர்ப் பக்கம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி நேர்காணல் எடுத்தவர். பாதி வழியில் அவருடைய மேற்பார்வையாளர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நாடு நெருக்கடியில் இருந்த 2022ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. பலரும் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதிதாக நியமிக்கப்பட்டவருக்கு அந்தத் துறையில் ஆர்வம் இல்லை. அனுப்பிய அத்தியாயத்துக்கு மாதங்கள் கழித்து வந்த பதிலில் பக்க ஓரத்தின் அளவைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் மட்டும் எழுதியிருந்தது. “அக்கா, நான் எழுதினது சரியா பிழையா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை” என்றார். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்தில் இருக்கிறது, அதற்கு மேலே ஒரு படி கிடையாது. அந்த உச்சிக்கு ஏறுகிறவர் கேட்டது, படித்துப் பார்க்க ஒரே ஒரு ஆளைத்தான்.

அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகளில் இந்தப் படிப்பை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வேலையோடு ஒட்டிய வாசிப்புத்தான், ஆனால் மெல்ல மெல்ல அதில் ஊறிப்போனேன்.

இன்றைக்கு நாம் அறிந்த ஆய்வுக் கலாநிதிப் பட்டம் 19ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் உருவானது. 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு முகவரியாக இருந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் கலாநிதிப் பட்டங்களைக் கொடுத்தது. பழம்பெரும் ஒக்ஸ்போர்ட் அந்தப் பட்டத்தை அறிமுகம் செய்தது 1917இல்தான். அதாவது நாங்கள் பிரித்தானியாவிடமிருந்து பெற்ற மரபு என்று நினைப்பது அவர்களுக்கே பிந்தி வந்த ஒன்று. அந்த ஜேர்மன் வடிவத்தின் நடு அச்சு ஒரு பேராசிரியரும் ஒரு மாணவரும். பேராசிரியர் நல்லவராகவும் நேரம் உள்ளவராகவும் இருந்தால் மாணவர் பிழைத்தார்.

இந்த அச்சைத்தான் கடந்த சில பத்தாண்டுகளாக உலகம் மாற்றி அமைத்து வருகிறது. ஜேர்மனியிலேயே 1990 முதல், ஒரு பொதுக் கருப்பொருளில் பல மாணவர்களும் பல பேராசிரியர்களும் சேர்ந்து இயங்கும் ஆய்வுப் பயிற்சிக் குழுக்களுக்கு அரச ஆய்வு நிதி கிடைக்கிறது. 2005இல் சால்ஸ்பேர்க் நகரில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கூடிப் பத்துக் கொள்கைகளை வகுத்தன. புதிய ஆராய்ச்சியால் அறிவை வளர்ப்பதே கலாநிதிப் பயிற்சியின் மையம் என்பது முதலாவது. ஆய்வு மாணவரைத் தொழில்முறை ஆய்வாளராக மதிக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது. என் கண் நின்றது மேற்பார்வை பற்றிய இடத்தில். மாணவர், மேற்பார்வையாளர், நிறுவனம் ஆகிய மூவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வெளிப்படையான உடன்பாடு இருக்க வேண்டும் என்கிறது அது. மூன்றாவது கட்சியாக நிறுவனமும் வருகிறது, பாருங்கள். மேற்பார்வையாளர் நாட்டை விட்டுப் போனாலும் அந்த மாணவருக்குப் பதில் சொல்ல யாரோ ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார்.

நெதர்லாந்திலும் சுவீடனிலும் கலாநிதி ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சம்பளம் பெறும் ஊழியர்கள். டென்மார்க்கில் ஒரு கம்பனியில் வேலை பார்த்தபடியே அந்தக் கம்பனியின் சிக்கலை ஆராய்ந்து பட்டம் பெறும் கைத்தொழில் கலாநிதி முறை 1971இலேயே தொடங்கிவிட்டது. சுவீடனில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னதாக ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், வந்து கேள்வி கேட்கலாம். இங்கே ஆய்வேடு முடிந்த செய்தி பலருக்கும் வாழ்த்துப் பதாகையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து அறைக்காரருக்கும் தெரியாது.

நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இவற்றின் மேற்பூச்சு. முன்னேற்ற அறிக்கைப் படிவம் வந்துவிட்டது, எழுதியதில் எத்தனை சதவீதம் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று ஒப்புமை பார்க்கும் டேர்னிட்டின் மென்பொருள் வந்துவிட்டது, இத்தனை கட்டுரை வெளியிட வேண்டும் என்ற எண்ணிக்கையும் வந்துவிட்டது. கூடவே வந்திருக்க வேண்டிய மேற்பார்வைக் குழுவும் ஊதியத்தோடு கூடிய நேரமும் வரவில்லை. படிவங்கள் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்புமை அறிக்கையை எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆனால் அந்தச் சதவீதத்தைப் பார்த்துப் பயந்து, நல்ல மேற்கோள்களை எல்லாம் வெட்டி எறிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொருத்தமான மேற்கோளுக்குப் பயப்படத் தேவையில்லை என்று ஒரு மூத்தவர் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

கட்டுரை எண்ணிக்கை விசயத்தில் இந்தியாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே 2016இன் விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு மாநாடுகளில் பேசியிருக்க வேண்டும். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கட்டாயம் இருக்கும் இடத்தில் காசு பிடுங்குகிற சஞ்சிகைகள் முளைக்கின்றன. ஏழு நாளில் பிரசுரம் என்று ஆசை காட்டும் மின்னஞ்சல்களை மாதம் தோறும் யாராவது என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட சஞ்சிகைகளைப் பட்டியலிட்டு உலகத்துக்கே எச்சரிக்கை மணி அடித்த ஜெஃப்ரி பீல், அமெரிக்காவின் கொலராடோவில் வேலை பார்த்த ஒரு நூலகர். அவருடைய பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சஞ்சிகையாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, கட்டணத்தை முன்கூட்டியே சொல்கிறார்களா, பழைய இதழ்களில் என்ன தரம் என்று சேர்ந்திருந்து பார்க்கிறோம். கேட்க ஆள் இருக்கிறவர் தப்பிவிடுவார். தனியாக இருக்கிறவர்தான் பணம் கட்டுகிறார்.

அப்புறம் ஆய்வேடுகளை வாசிக்கக் கிடைப்பது. நல்ல ஆய்வேடு எப்படி இருக்கும் என்று பார்க்காதவர் ஒன்றை எழுதுவது கடினம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை முழுமையாகத் திறந்து வைத்திருக்கும் சோத்கங்கா களஞ்சியத்தை எங்கள் ஆட்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அதில் உண்டு. பிரித்தானிய நூலகத்தின் ஆய்வேட்டுச் சேவை 2023 ஒக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலோடு முடங்கியபோது எத்தனை பேருடைய வேலை நின்றது என்பதை இந்த மேசையில் இருந்தே பார்த்தேன். இன்னொரு குறையும் உண்டு. திருகோணமலையைப் பற்றி வெளியூர்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் இங்கே இல்லை. ஆய்வாளர்கள் சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், போருக்குப் பிறகும் வந்தார்கள். புறாமலைத் தீவின் பவளப்பாறைக்கும் கடலில் வரும் நீலத்திமிங்கிலத்துக்கும் இன்றும் வருகிறார்கள். இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ், வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இறங்கித் தரவை அள்ளிக்கொண்டு பறந்துபோகும் பழக்கத்தைப் பாரசூட் விஞ்ஞானம் என்று கண்டித்து எழுதியிருக்கிறார். அதன் நூலக முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். மூதூரில் ஆய்வு தொடங்கும் பிள்ளைக்கு, அதே கிராமத்தில் முன்பு ஆய்வு செய்தவர் யார் என்றே தெரியாது. இப்போது களஆய்வுக்கு வருகிற எவரிடமும், முடித்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்கிறேன். சிலர் அனுப்புகிறார்கள்.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி இங்கேயும் பலருக்குத் தெரியும். 2008இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே கடும் வறட்சி நிலவிய காலம், குளிப்பதை மூன்று நிமிடத்தில் முடிக்க மக்கள் மணற்கடிகாரம் வைத்துக்கொண்டார்களாம். அந்த மூன்று நிமிடம்தான் போட்டிக்கு வந்தது. உற்சாகமான நிகழ்வுதான், நடத்த வேண்டியதுதான். ஆனால் மேடையேறிப் பேசக்கூடியவர் எப்படியும் முன்னேறிவிடுவார். பத்திரிகை மேசையில் இருக்கிறவருக்கு அது உதவாது.

எங்கள் நிலைமைக்கு நெருக்கமான ஒன்றை நான் கண்டது ஆபிரிக்காவில். 2008இல் தொடங்கிய கார்ட்டா என்ற கூட்டமைப்பை நைரோபியில் உள்ள ஓர் ஆய்வு மையமும் தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. மக்கள்தொகை, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில், ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே வேலை செய்கிற விரிவுரையாளர்களையே அது தேர்ந்தெடுக்கிறது. வேலையை விட்டு ஐரோப்பாவுக்குப் போய்க் குடியேறு என்று சொல்வதில்லை. படிக்கும் காலத்தில் நான்கு தடவை, சில வாரங்கள் தங்கிப் படிக்கும் கருத்தரங்குகளுக்கு ஒரே அணியாக அழைக்கிறார்கள். முதலில் கேள்வியைக் கூர்மையாக்குவது, பிறகு தரவு, பிறகு எழுத்து, கடைசியில் பட்டத்துக்குப் பிறகு என்ன என்று வேலை படிப்படியாக நகர்கிறது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் முடியும்வரை ஒருவர் எழுதியதை ஒருவர் வாசிக்கிறார்கள். நூலகர்களையும் பதிவாளர்களையும் நிதி அலுவலர்களையும் கூடப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. ஒரு கையெழுத்துத் தாமதமானால் ஒரு ஆய்வு நிற்கும் என்பதை அங்கே யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இது மனத்தென்புக்கான ஏற்பாடு மட்டுமில்லை. நேச்சர் சஞ்சிகை 2019இல் உலகம் முழுவதும் 6,000க்கும் மேற்பட்ட கலாநிதி மாணவர்களிடம் நடத்திய கருத்தாய்வில், ஆய்வினால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 சதவீதத்தினர் சொன்னார்கள். வசதியான ஆய்வகங்களில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. திருமலையில் இரவு பதினொரு மணிக்கு, பிள்ளைகளை உறங்கவைத்த பிறகு மடிக்கணினியைத் திறக்கிற ஒரு பெண்ணின் நிலையை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இங்கே செய்யக்கூடியதைச் செய்யத் தொடங்கினோம். புதன்கிழமை பின்னேரங்களில் நூலகத்தின் மேல்மாடிச் சிறு அறையைத் திறந்து வைக்கிறேன். சித்த மருத்துவத்திலிருந்து ஒருவர், முகாமைத்துவத்திலிருந்து இருவர், கணினியிலிருந்து ஒருவர், தொடர்பாடலிலிருந்து ஒருவர் என்று வருகிறார்கள். துறை வேறு வேறாக இருப்பதால் என்ன பேச முடியும் என்று முதலில் தயங்கினார்கள். சித்த மருத்துவக்காரர் ஒருநாள், “இந்தக் கேள்விக்கு ஏன் நேர்காணல்? ஓலைச்சுவடியிலேயே பதில் இருக்கலாமே” என்று கேட்டது முகாமைத்துவக்காரரின் ஆய்வு முறையையே மாற்றிவிட்டது. ஊர்ப் பழைய கணக்கேடுகளைத் தேடத் தொடங்கினார் அவர். கொட்டியார் குடா ஆய்வாளர் தன் நான்காம் அத்தியாயத்தை அங்கேதான் முதன்முதலாக உரத்து வாசித்தார். வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, யாரும் எழுந்து போகவில்லை. இப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையின் திகதிக்குக் காத்திருக்கிறார்.

இந்த அறை மேற்பார்வைக்கு ஈடாகாது. துறை அறிவு உள்ள இரண்டாவது மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் வேண்டும், அவர் பெயர் பதிவின்போதே கடிதத்தில் இருக்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும். எங்களால் முடிந்த அடுத்த படியாக, நீண்ட விடுமுறையில் மாணவர் விடுதி காலியாக இருக்கும்போது இரண்டு வாரத் தங்கல் கருத்தரங்கு ஒன்றுக்கு முன்மொழிவு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வந்தாறுமூலை, ஒலுவில், வவுனியா, யாழ்ப்பாணம் என எங்கிருந்தும் பகுதிநேரமாகக் கலாநிதி ஆய்வு செய்கிறவர்கள் வரலாம். சாப்பாட்டுச் செலவுக்கு இன்னும் வழி தேட வேண்டியிருக்கிறது. மூத்த பேராசிரியர்கள் சிலர் ஆளுக்கு மூன்று நாள் வந்து தங்கிப் படித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் சிலைடு எதுவும் தயாரிக்க வேண்டாம், எழுதி முடிக்காமல் கிடக்கிற ஓர் அத்தியாயத்தை நான்கு பிரதி எடுத்து வந்தால் போதும்.