எத்தனை டேங்க் போகுது?

பெரம்பலூர் பக்கம் ஒரு விவசாயக் கருவிகள் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். மோட்டார், பைப், மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், அதற்கான உதிரிப் பாகங்கள் எல்லாம் விற்கிற கடை. முதல் ரெண்டு வருஷம் கவுண்டரில் நின்று எடுத்துக் கொடுக்கிற வேலை, அப்புறம் பின்னால் இருந்த பட்டறையில் ஸ்பிரேயர் பழுது பார்க்கிற வேலை. அந்தக் கடையிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று நாசில், ஸ்பிரேயர் குழாயின் நுனியில் மாட்டுகிற, மருந்தைத் துளியாக்கி வெளியே விடுகிற சின்ன மூக்கு. அதனாலோ என்னவோ யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. புது ஸ்பிரேயர் வாங்க வருகிறவர் பேட்டரி எத்தனை ஆம்பியர், ஒரு சார்ஜுக்கு எத்தனை டேங்க் வரும், கியாரண்டி எத்தனை மாதம் என்று அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேட்பார். பெட்டிக்குள் சின்னக் கவரில் நாலைந்து நாசில் போட்டிருப்பார்கள், அதைப் பற்றி ஒரு கேள்வி வராது. ரெண்டு வருஷம் கழித்து அதே ஸ்பிரேயர் பழுதுக்கு வரும்போது பார்த்தால் முதல் நாள் மாட்டின நாசிலே லான்ஸ் நுனியில், அதாவது கையில் பிடித்து அடிக்கிற நீளக் குழாயின் நுனியில் இருக்கும், கவர் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விற்கிற நானே அப்படித்தான் இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், புரட்டாசி. மக்காச்சோளம் முளைத்து மூன்று வாரம் ஆகியிருக்கும், களை பிடித்து எல்லோரும் அலைகிற நேரம். ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, நாசில் ஒண்ணு குடு, சும்மா புகை மாதிரி அடிக்கணும். பழசு பொட்டு பொட்டா விழுது" என்றார். புகை மாதிரி என்றால் கூம்பு நாசில்தான், உள்ளே ஒரு சுழல் தட்டு இருக்கும், தண்ணீர் சுழன்று வெளியே வந்து குடை மாதிரி விரியும், துளி பொடியாக இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். காசை வாங்கி டிராயரில் போட்டேன். என்ன மருந்து அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார், கூட இன்னொருவர். வந்தவர் கையில் வேரோடு பிடுங்கின பருத்திச் செடி ஒன்று. கொழுந்து இலையெல்லாம் அகலம் சுருங்கி, நரம்பு புடைத்து, வெண்டை இலை மாதிரி விரல் விரலாக நீண்டிருந்தது. பெரியவர் மக்காச்சோளத்தில் அடித்தது 2,4-டி. அகன்ற இலைக் களையைக் கொல்லும், மக்காச்சோளம் புல் இனம் என்பதால் அதை விட்டுவிடும். ஆனால் பருத்திக்கு அதன் வாசனை பட்டாலே போதும் என்பார்கள். பக்கத்தில் பருத்தி இருந்தால் அதை அடிக்காதே என்பது எங்கள் பக்கம் பழைய பாடம்தான். பக்கத்துக் கொல்லைக்காரரின் பருத்தி வரப்பை ஒட்டி ஏழெட்டு வரிசைக்கு இப்படி ஆகிவிட்டது. காற்று அடித்த நேரம், முற்பகல், புகை மாதிரி அடிக்கிற புது நாசில்.

நாசிலை மட்டும் மாற்றியிருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், மருந்தே அந்த இடத்துக்கு ஆகாது. ஆனால் அந்த மருந்தைப் பொடித்துளியாக்கிக் காற்றில் விட்டது நான் எடுத்துக் கொடுத்த சாமான். பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி குடுத்த நாசில் நல்லாத்தான் அடிச்சுது" என்று பக்கத்துக்காரரிடம் எனக்காகப் பேசினார். அதுதான் எனக்கு ரொம்ப நாள் சுட்டது.

பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அன்று சாயங்காலம் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஒரு கூம்பு நாசிலையும் களைமருந்துக்கு மாட்டுகிற தட்டை நாசிலையும் மாற்றி மாற்றி மாட்டி வெயிலுக்கு எதிரே நின்று வெறும் தண்ணீர் அடித்துக் காட்டினார். கூம்பிலிருந்து வந்தது வெயிலில் மினுங்கிக்கொண்டே கேட் வரைக்கும் போனது. தட்டையிலிருந்து வந்தது காலடியில் விழுந்தது. அவ்வளவுதான் பாடம். பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்ட கணக்கும் அதையேதான் சொன்னது: 400 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 2 வினாடி, 100 மைக்ரான் துளிக்கு 10 வினாடிக்கு மேல். அந்தப் பத்து வினாடியும் அது காற்றின் கையில். துளியின் குறுக்களவைப் பாதியாக்கினால் ஒரு துளி எட்டுத் துளி ஆகிறது. இலையை நனைக்க அது லாபம், வரப்பு தாண்டாமல் இருக்கிற வரைக்கும்.

பூச்சிக்கும் நோய்க்கும் கூம்பு, களைக்குத் தட்டை. இவ்வளவும் எந்தக் கடைப் பையனும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வான். எனக்குப் பல வருஷம் பிடித்தது வேறொன்று, அதையும் அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தார். "யார் நாசில் கேட்டாலும் முதல்ல எத்தனை டேங்க் போகுதுன்னு கேளு" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

மருந்து டப்பாவில் ஏக்கருக்கோ எக்டேருக்கோ இத்தனை என்று அளவு போட்டிருக்கும். கொல்லையில் யாரும் அப்படிக் கலப்பதில்லை, டேங்குக்கு இத்தனை மில்லி, டேங்குக்கு ஒரு மூடி, அதுதான் கணக்கு. அப்போது ஏக்கருக்கு எவ்வளவு மருந்து விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது யார்? நாசில் துளையும் அடிக்கிறவர் காலும்தான். நிமிஷத்துக்கு 0.8 லிட்டர் விடுகிற நாசில், ஒரு மீட்டர் அகலத்துக்கு விழுகிறது, ஆள் நிமிஷத்துக்கு 40 மீட்டர் நடக்கிறார் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 20 மில்லி. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 81 லிட்டர், 16 லிட்டர் டேங்கில் ஐந்து டேங்க். அதே நாசில் தேய்ந்து 1.1 லிட்டர் விட ஆரம்பித்தால் நடை மாறாமலே ஏழு டேங்க் ஆகிவிடும். டேங்குக்கு ஒரு மூடி என்று கலக்கிறவர் ஐந்து மூடிக்குப் பதில் ஏழு மூடி ஊற்றியிருப்பார். அவருக்குத் தெரியாது. "இந்த வருஷம் மருந்து ஜாஸ்தி இழுக்குது" என்று மட்டும் சொல்வார்.

இதில் கூலிக் கணக்கும் கலந்திருக்கிறது. எங்கள் பக்கம் மருந்து அடிக்கிற ஆளுக்குக் கூலி டேங்க் கணக்கில்தான். துளை பெரிதாக இருந்தால் டேங்க் சீக்கிரம் காலியாகும், டேங்க் கூடும், கூலியும் கூடும். மருந்து அடிக்கிறவர்கள் சிலர் தங்கள் சொந்த நாசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், துளை எல்லாம் தாராளமாக இருக்கும். நான் அவர்களைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். முதுகில் 16 லிட்டர் தண்ணீரையும் ஸ்பிரேயரையும் சுமந்துகொண்டு, முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு, அந்த மருந்தை மூச்சில் வாங்குகிறவர்கள் அவர்கள். கொல்லைக்காரரோ டேங்க் குறைய வேண்டும் என்று பார்ப்பார், அதற்காக ஒரே டேங்கில் ரெண்டு மூடி ஊற்றிவிட்டுச் சீக்கிரம் நடக்கச் சொல்வார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் சின்ன நாசில் ஒன்று பாவம் போலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

2017-இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, கலந்து அடித்த மருந்து என்று பல காரணம் சொன்னார்கள், அதில் பொடித்துளி அடிக்கிற ஸ்பிரேயரும் ஒன்று. அந்தச் செய்தி வந்த வாரம் கடைக்கு வந்த பருத்திக்காரர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். கேட்டுக்கொண்டார்கள். ரெண்டு பேர் முகக்கவசம் வாங்கினார்கள்.

பட்டறைக்கு மாறின பிறகு பழுதுக்கு வருகிற ஸ்பிரேயர் எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை வைத்தேன். செலவில்லாத சோதனை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் செல்போனும் போதும். நாசிலைப் பாட்டில் வாயில் பிடித்து ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 0.8 லிட்டர் நாசில் என்றால் 75 வினாடி. புது நாசிலை விடப் பத்தில் ஒரு பங்கு அதிகம் விட்டால் பழசைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அது உலகம் முழுக்க உள்ள வழக்கம். எனக்கு வந்ததில் 55 வினாடி, 50 வினாடியில் நிரப்பினதெல்லாம் உண்டு. அப்புறம் சிமெண்டுத் தரையில் ஒரு நடை அடித்துவிட்டுக் காய்வதைப் பார்க்கச் சொல்வேன், ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து இன்னொரு பக்கம் ஈரம் நின்றால் நாசில் கோணலாக அடிக்கிறது. மூன்று வருஷமாக அந்த நாசிலால் களைமருந்து அடித்துவிட்டு "கோடு கோடா களை நிக்குது, மருந்து டூப்ளிகேட்" என்று மருந்துக் கடையில் சண்டை போட்டவர் ஒருவர் அந்தத் தரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பீடி பற்ற வைத்தார்.

தேய்வதற்குப் பெரிய காரணம் நனையும் தூள் மருந்துகள். கரைக்கிறோம் என்று பேரே தவிர, அது தண்ணீரில் மிதக்கிற பொடி, துளையை அரம் மாதிரி ராவும். பித்தளைதான் உறுதி என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை, உண்மையில் சீக்கிரம் தேய்வது பித்தளை. எஃகு அதைவிடத் தாங்கும், பீங்கான் எல்லாவற்றையும் விடத் தாங்கும். அதைவிடப் பெரிய காரணம் கருவேல முள். நாசில் அடைத்துக்கொண்டால் வரப்பில் கைக்கு எட்டுகிற முள்ளை ஒடித்துக் குத்துவார்கள், இல்லையென்றால் ஊக்கு, அதுவும் இல்லையென்றால் வாயில் வைத்து ஊதுவார்கள். வாயில் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும் அதற்கு. பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது கைப்பிடியில் ஒரு பிரஷைக் கயிற்றில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன், பாதிப் பேர் வீட்டுக்குப் போவதற்குள் அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்கலாமே என்று படித்த பையன்கள் கேட்பார்கள். சரிதான், ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தர முறைப்படி செய்த நாசிலில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. 3 பார் அழுத்தத்தில் ஆரஞ்சு நிமிஷத்துக்கு 0.4 லிட்டர், பச்சை 0.6, மஞ்சள் 0.8, நீலம் 1.2, சிவப்பு 1.6. மேலே 11003 என்று போட்டிருந்தால் 110 பாகை விரியும், 03 என்பது துளையின் அளவு. ஆனால் எங்களுக்கு வந்த மலிவு நாசில்களில் அந்த நிறம் அன்றைக்கு அச்சில் எந்தப் பிளாஸ்டிக் இருந்ததோ அந்த நிறம். நீலத்தை மாட்டினால் பாட்டில் 50 வினாடியில் நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். இன்னொரு பழக்கம், தண்ணீர் அதிகம் வேண்டும் என்றால் அழுத்தத்தைக் கூட்டுவது. ரெண்டு மடங்கு தண்ணீர் வேண்டும் என்றால் நாலு மடங்கு அழுத்தம் வேண்டும், அதற்குள் துளி எல்லாம் புகையாகிவிடும். தண்ணீர் போதவில்லை என்றால் நாசிலை மாற்ற வேண்டும்.

2018-இல் படைப்புழு வந்தது. கர்நாடகத்தில் மே மாதம் கண்டுபிடித்தார்கள், அந்தப் பருவத்துக்குள்ளேயே எங்கள் மாவட்டத்து மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருந்தது. புழு இருப்பது குருத்துக்குள், வாசலை அதன் எச்சத்தாலேயே அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். எல்லோரும் எமாமெக்டின் என்கிற புழு மருந்தை வாங்கி, இருப்பதிலேயே அகலமாக விரிகிற நாசிலில் கொல்லை முழுக்க அடித்தார்கள். இலை பளபளவென்று நனைந்தது, புழு உள்ளே சௌகரியமாக இருந்தது. அந்த வருஷம் நான் விற்றதெல்லாம் திருகினால் கூம்பு குறுகுகிற நாசில். அதைக் குறுக்கி, கைப்பிடியை விட்டு விட்டு அழுத்தி, ஒவ்வொரு குருத்துக்கும் நேராக ஊற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், இடுப்பு விட்டுப் போகும், டேங்குக் கூலிக்கு ஆள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நாள் கூலி கொடுத்துத்தான் அடிக்க வேண்டும். செய்தவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சியது.

அந்தப் பருவத்தில்தான் பழைய பெரியவர் மறுபடி வந்தார். கவுண்டரில் வேறு பையன் நின்றான், அவனைத் தாண்டிப் பட்டறைக்கே வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஒப்பிக்க ஆரம்பித்தார். "மக்காச்சோளம், முப்பது நாள் பயிரு, புழு மருந்து, குருத்துல விழணும், பக்கத்துல பருத்தி இருக்கு, ஏக்கருக்கு ஆறு டேங்க் போவுது." ஒரு கையில் பழைய நாசில், துளையில் ஒடிந்த முள் அப்படியே இருந்தது. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். பக்கத்துக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பேசுறதில்ல" என்றார்.

அந்தப் பருத்திக்காரர் நான் இருந்த வரை எங்கள் கடைக்கு வரவே இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன், வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மக்காச்சோளம்தான் நின்றது.